பின்வரிசையில் நாலாவது நாரை

ஒரே ஒரு "ஆமாம்." அதைச் சொல்லித் தொலைத்துவிட்டு ரிம்மா ஒரு வருடமாக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்தாள். இன்று மத்தியானத்துக்குள் அது வெளியே வந்துவிடும்.

நடந்தது இவ்வளவுதான். போன குளிர்காலத்தில் ஒரு நாள் அவள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பு விண் விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. மகள் உல்யானா, அப்போது நாலு வயது, அலமாரியின் அடித்தட்டைக் கிளறி ஒரு பழைய படத்தை இழுத்துக்கொண்டு வந்தாள். படத்தில் ரிம்மா, தலையில் வெள்ளிக் கிரீடம், முகமெல்லாம் பல். ஒரு நாள் மேடைக்குப் பின்னால் தோழிகள் விளையாட்டாக ராணியின் கிரீடத்தை இவள் தலையில் கவிழ்த்து எடுத்த படம். எடுத்த அடுத்த நிமிடம் ஆடை அறைக்காரி வந்து நாலு வார்த்தை திட்டி, கிரீடத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். அந்தக் கதையெல்லாம் குழந்தைக்கு எப்படித் தெரியும்? காலையிலிருந்து நூறு கேள்வி கேட்டு முடித்திருந்தது, நூற்றியொன்றாவதாக "அம்மா, நீ பாலேல ராணியா?" என்று கேட்டது. இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் சட்டைக் காலர் கருகிக்கொண்டிருந்தது. ரிம்மா ஆமாம் என்றாள்.

மறுநாளே மழலையர் பள்ளி முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆசிரியை வாசலில் நிறுத்திவைத்து, இத்தனை நாள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கோபித்துக்கொண்டாள். சமையல்கார அம்மாள் உல்யானாவின் கஞ்சியில் ஜாம் ஒரு கரண்டி கூடுதலாக விட ஆரம்பித்தாள். ரிம்மா மூன்று தடவை உண்மையைச் சொல்லிவிட உட்கார்ந்தாள். முதல் தடவை குழந்தைக்குக் காய்ச்சல். இரண்டாம் தடவை கீழ்வீட்டுக்காரி சண்டைக்கு வந்துவிட்டாள், இவர்கள் வீட்டுத் தண்ணீர் அவள் கூரையில் ஒழுகுகிறதாம். மூன்றாம் தடவை, சொல்ல வாயைத் திறந்த நேரத்தில், "ராணி மேல கால் போட்டுத் தூங்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே அது இவள் மேல் காலைப் போட்டது. அப்புறம் எங்கே சொல்வது?

உண்மை என்னவென்றால் ரிம்மா ராணி இல்லை, ராணிக்குப் பக்கத்தில்கூட நின்றதில்லை. பத்து வயதில் பாலே பள்ளியில் சேர்ந்தாள், பதினெட்டில் அரங்கில் சேர்ந்தாள், எல்லோரையும்போல முப்பத்தெட்டில் ஓய்வு பெற்றாள். காமா ஆற்றங்கரையில் இருக்கிற அவர்கள் ஊரில் இதொன்றும் அதிசயம் இல்லை, தெருவுக்கு ஒருத்தியாவது அந்தப் பள்ளியில் கால் வைத்தவளாக இருப்பாள். குளிர்காலம் தவறாமல் குழந்தைகளுக்காகப் போடும் 'நாரைகளின் ராணி'யில் பதினாறு நாரைகள் வரும், எட்டு எட்டாக இரண்டு வரிசை. பின்வரிசையில் இடமிருந்து நாலாவது நாரை ரிம்மா. உல்யானா பிறந்த வருடம் தவிர மற்ற எல்லா வருடமும் அதே இடம்தான். அதற்குள் ராணிகள் ஆறு பேர் மாறினார்கள். ரிம்மா பார்த்த பாலே எல்லாம் முன்வரிசைப் பெண்களின் பிடரி. இப்போது இரண்டு வருடமாக ஒரு மருத்துவமனையின் பதிவுச் சாளரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, பல்வலிக்காரனைக் காதுவலி வரிசையிலிருந்து விரட்டிக்கொண்டிருக்கிறாள். அங்கே போனதிலிருந்து குரல் நன்றாக வளர்ந்திருந்தது.

அரங்குப் பக்கம் அதற்கப்புறம் அவள் போகவே இல்லை. போகிற உத்தேசமும் இல்லை. எல்லாம் கணவன் மத்வேய் செய்த வேலை. உல்யானாவுக்கு ஐந்து வயது ஆன அன்று, ஐந்து முடிந்தால் உள்ளே விடுவார்களாமே என்று யாரையும் கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பரிசு என்று நீட்டினான். குழந்தை வீட்டையே இரண்டாக்கியது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரிம்மா அவனைப் பிடி பிடி என்று பிடித்தாள். அவன் சாவகாசமாக, இதில் என்ன இருக்கிறது, எனக்கு நீ ராணிதானே என்றான். கையில் இருந்த கரண்டியை அவள் வீசாமல் கீழே வைத்ததற்கு ஒரே காரணம், பக்கத்து அறையில் குழந்தை இருந்தது. அதுவும் போகட்டும், வாங்கினவன் கூட வருகிறானா? ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு டிராம் ஓட்டுகிற முறை. போய் மாட்டிக்கொள்கிறவள் இவள்.

அன்று காலை வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு. கம்பளிக் காலுறை குத்துகிறது என்று உல்யானா தரையில் உருண்டாள். உள்ளே பருத்திக் காலுறை, மேலே கம்பளி என்று சமாதானம் பேசி முடித்தால், தொப்பி போட மாட்டேன், கிரீடம்தான் போடுவேன் என்றாள். தங்கக் காகிதத்தில் அவளே வெட்டின கிரீடம். கடைசியில் தொப்பிமேல் கிரீடம் என்று முடிவானது. அப்புறம் பூ. ராணிக்குப் பூ கொடுக்காமல் யாராவது வருவார்களா என்று முந்தின நாளே அழுது வாங்கின ஐந்து வெள்ளைச் சாமந்தி, ஒவ்வொன்றும் கைப்பிடி அகலம். குளிரில் கருகாமல் இருக்க ரிம்மா அதைச் செய்தித்தாளில் மூன்று சுற்றுச் சுற்றினாள். நான்தான் பிடிப்பேன் என்றாள் உல்யானா. சரி பிடி, உயிரை வாங்காதே என்றாள் ரிம்மா.

டிராமில் நிற்க இடமில்லை. ஒரு குலுக்கல், முன்னால் நின்ற தடியன் அப்படியே குழந்தைமேல் சாய்ந்தான். இறங்கிப் பிரித்துப் பார்த்தால் ஒரு சாமந்தி கழுத்து முறிந்து தொங்கியது. ரிம்மா டிராம் ஓட்டுகிற இனத்தையே, கட்டினவன் உட்பட, வாய்க்குள் திட்டித் தீர்த்தாள். இப்போது நாலு பூ. நாலு பூவை எப்படிக் கொடுப்பது? உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஒற்றைப்படை, இரட்டைப்படை கல்லறைக்கு. பால்குடி மறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம். இன்னொன்றையும் உருவிப்போட்டு மூன்றாக்கிவிடலாம் என்று கையை நீட்டினாள்.

உல்யானா பூக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அது என்ன பண்ணுச்சு? அது நல்லாத்தானே இருக்கு."

நல்லா இருந்தாலும் நாலு ஆகாது என்று ரிம்மா சொல்லிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். குழந்தையின் பிடி தளரவில்லை. சரி, உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

கோபத்தில் நடந்தவளுக்கு எங்கே நடக்கிறோம் என்ற நினைப்பே இல்லை. கட்டிடத்தைச் சுற்றி, பனி இறுகிக் கிடந்த சந்தில் நுழைந்து, இரும்புக் கதவைத் தோளால் தள்ளி உள்ளே போய் நின்றாள். காவல்கார சவேலி தேநீர் டம்ளரோடு நிமிர்ந்து பார்த்தான். ஆட்டக்காரர்கள் வருகிற வாசல் அது. இருபது வருடம் போன வழியில் கால் தன்னால் போயிருக்கிறது.

"ரிம்மா, டிக்கெட் இருக்கா?" என்றான் சவேலி.

இருக்கிறது என்று எடுத்துக் காட்டினாள்.

"டிக்கெட் இருந்தா முன்வாசல். இல்லாட்டித்தான் இந்த வாசல்."

அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உல்யானாவுக்கோ பெருமை தாங்கவில்லை. ராணிகள் வருகிற ரகசிய வாசல் என்று நினைத்துக்கொண்டு, திரும்பச் சுற்றிவருகிற வழியெல்லாம் அதைப் பற்றியே பேசினாள். ரிம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். முதல் மணி அடித்துவிட்டிருந்தது.

முன்வாசல் வழியாக உள்ளே போவது எப்படி என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. கோட்டு வாங்கி வைக்கிற இடத்தில் நாலு வரிசை. தப்பான வரிசையில் நின்றாள், மாறி நின்றாள். முறை வந்ததும் கோட்டை நீட்டினால், வாங்கின கிழவி உள்கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பி நீட்டினாள். மாட்டுகிற நாடா அறுந்திருக்கிறது, இதை எதில் மாட்டுவது, என் காதிலா என்று கேட்டாள். வீட்டில் ஊசி நூல் இல்லையா, புருஷன் கேட்கமாட்டானா என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி ஒரு பாட்டம் முடித்தாள். பின்னால் நின்றவள் தன் பங்குக்கு, குழந்தையின் தொப்பி காதை மூடவில்லை என்றாள். மருத்துவமனைச் சாளரத்தில் ஊரையே அதட்டுகிறவள் இங்கே வாயைத் திறக்காமல் நின்றாள். கடைசியில் கிழவி எங்கிருந்தோ ஒரு ஊக்கை எடுத்துக் குத்தி மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"நாலு பூவா? யாரைப் புதைக்கப் போறீங்க?"

உல்யானா முறைத்தாள். ரிம்மா அவசரமாகக் குழந்தையின் பனிக்காலணியைக் கழற்றி, பையில் இருந்த வெள்ளைக் காலணியை மாட்டி, இரண்டாவது மணி அடிக்கிறபோது படியேறினாள். அதற்குள்ளேயே ஒரு முழு ஆட்டம் ஆடினது போல் முதுகு நனைந்துவிட்டது.

இடம் நல்ல இடம், ஏழாவது வரிசை. மத்வேய்க்கு இது ஒன்றாவது ஒழுங்காக வாய்த்ததே என்று நினைத்தாள். விளக்கு அணைந்தது, திரை விலகியது. உல்யானா நாற்காலி நுனியில், பூவும் கிரீடமுமாக, மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தாள். ராணி வந்தாள். குழந்தை அம்மாவின் காதில் வாயை வைத்து, நீயும் இப்படித்தான் வந்தாயா என்று கேட்டது. ரிம்மா மேடையைப் பார் என்று கை காட்டினாள், இனிமேல் ஒரு பொய்கூடக் கூடாது என்று.

அப்புறம் நாரைகள் வந்தன. அங்கேதான் தப்பு நடந்தது. நடத்தினவள் குழந்தை இல்லை, அம்மா. எதிரிலிருந்து ரிம்மா அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அழகாக இருக்கும் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. மூன்று நிமிடம் அழகைப் பார்த்தாள், அப்புறம் அவளையறியாமல் எண்ண ஆரம்பித்துவிட்டாள். இரண்டாவது நாரை தோளைத் தூக்குகிறாள். ஆறாவது வரிசைக்கு வெளியே நிற்கிறாள். நாலாவதைப் பார்க்கவே வேண்டாம் என்றிருந்தாள், கண் அங்கேயே போனது. புதுப் பெண், நீளக் கழுத்து, நல்ல கால். ஆனால் இடது கை ஒவ்வொரு தடவையும் மயிரிழை பிந்துகிறது. "கை, கை, கையை இறக்கு" என்று ரிம்மா முணுமுணுத்தாள். முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். இருக்கை காட்டுகிற அம்மாள், மார்பில் பெரிய அலங்கார ஊசி குத்தினவள், பக்கத்தில் வந்து குனிந்து, குழந்தைகளே சும்மா இருக்கிறபோது பெரியவர்கள் இப்படிப் பேசினால் எப்படி என்று கேட்டாள். மானம் போனது. உல்யானா அம்மாவின் தொடையைத் தட்டிக்கொடுத்தாள்.

இடைவேளையில் ரிம்மாவின் திட்டம் எளிது. இருக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. ஏனென்றால் கூடத்துச் சுவரில், இந்த அரங்கில் பெரிய வேஷம் கட்டினவர்கள் அத்தனை பேருடைய படமும் வரிசையாக மாட்டியிருக்கும். ஆனால் சிற்றுண்டிச்சாலைக்கு அந்தக் கூடத்தைக் கடந்துதான் போக வேண்டும். கிரீம் வைத்த குழல் கேக்கும் பேரிக்காய் சோடாவும் வாங்கித்தருவதாக மத்வேய் ஒரு வாரமாக வாக்குக் கொடுத்துவைத்திருந்தான், அதுவும் இவள் செலவில். வேறு வழியில்லாமல் எழுந்தாள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

உல்யானா கையை உருவிக்கொண்டாள். கிரீடம் வைத்த முதல் படத்தைப் பார்த்துவிட்டாள். அப்புறம் இரண்டாவதைப் பார்த்தாள், மூன்றாவதைப் பார்த்தாள். ஒவ்வொரு படத்தின் கீழேயும் போய் நின்று, தலையை அண்ணாந்து, உதட்டைக் குவித்து, இல்லை என்று தலையாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போனாள். ஆறு ராணிகள். ஆறும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள், பார்க்காமல் விட்டுவிட்டோமோ என்று. ரிம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இதைவிட மோசமாக எதுவும் இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

"உன் படத்தை எங்க மாட்டியிருக்காங்க?" என்றாள் உல்யானா.

சன்னலோரம் இழுத்துப்போய், குழந்தையின் உயரத்துக்குக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ரிம்மா சொல்லிவிட்டாள். ராணி இல்லை. ஒரு நாள்கூட இல்லை. கிரீடம் இன்னொருத்தியுடையது, சிரிப்புக்கு வைத்தது. பின்வரிசை, இடமிருந்து நாலாவது நாரை.

"ஆமான்னு சொன்னியே."

"சொன்னேன்."

"பொய்யா?"

"பொய்தான்டி."

உல்யானா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. தொப்பி இல்லாத தலையிலிருந்து காகிதக் கிரீடத்தை எடுத்து, நாலாக மடித்து, அம்மாவின் கைப்பையில் போட்டாள். குழல் கேக்கு வேண்டாம் என்றாள். சோடாவும் வேண்டாம். வாங்கித்தான் ஆவேன் என்று ரிம்மா பிடிவாதமாக வரிசையில் நின்று வாங்கி, குழந்தை அதைத் தொடவில்லை என்றதும் கோபத்தில் தானே தின்றாள். மத்வேய் மட்டும் எதிரில் இருந்தால் அந்தத் தட்டோடு அவன் தலையில் கவிழ்த்திருப்பாள்.

மணி அடித்தது. படியேறுகிறபோது குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டது.

"நாலாவது நாரைய யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"ஏன்?"

"தெரியக் கூடாது. அவ தனியா தெரிஞ்சா தப்பா ஆடுறான்னு அர்த்தம்."

அதை வைத்துக்கொண்டு குழந்தை என்ன செய்யும் என்று ரிம்மாவுக்குப் புரியவில்லை. இருபது வருடம் அவள் செய்த வேலை அதுதான்.

இரண்டாம் பாகத்தில் ராணி தனியாக ஆடினாள், சுழன்றாள், அரங்கே கைதட்டியது. உல்யானா கைதட்டவில்லை. ரிம்மா ஓரக்கண்ணால் பார்த்தாள். குழந்தை ராணியைப் பார்க்கவே இல்லை. விரலால் காற்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, பின்வரிசையில் நாலாவதில் கண்ணை நட்டுவைத்திருந்தது. அந்த நாரை நகர்ந்தால் இதன் தலை நகர்ந்தது. அது பின்னால் மறைந்தால் இது கழுத்தை எக்கித் தேடியது. வேடன் வந்தான். வில்லை எடுத்தான். ராணியை மறைத்துக்கொண்டு பதினாறு நாரைகளும் ஒரே மூச்சில் இடது கையைத் தாழ்த்த வேண்டிய இடம். வாத்தியமெல்லாம் நின்று, அரங்கில் ஊசி விழுந்தால் கேட்கும். ரிம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பதினைந்து கைகள் இறங்கின.

"அம்மா, நம்ம நாரை லேட்டு" என்றாள் உல்யானா.

மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் அந்த அமைதியில் மேல்மாடிவரை கேட்டது. முன்னால் யாரோ சிரித்தார்கள். ஊசி குத்தின அம்மாள் விறுவிறுவென்று வந்து, முதலில் அம்மா, இப்போது மகளா, நீங்கள் என்ன இங்கே ஒத்திகை நடத்தவா வந்தீர்கள் என்று கேட்டாள். ரிம்மாவுக்குக் காது மடலெல்லாம் எரிந்தது, இருக்கைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம்போல் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். அந்த இடத்தை ஒரு உயிர் கண் கொட்டாமல் பார்க்கிறது. இருபது வருடத்தில் முதல் தடவை.

திரை விழுந்து, விலகி, மறுபடி விழுந்தது. குழந்தைகள் பூவை எடுத்துக்கொண்டு மேடை ஓரத்துக்கு ஓடினார்கள். ராணியின் கை நிறைந்து, காலடியிலும் பூ குவிந்தது. போய்க் கொடு, ஒன்றை உருவிவிட்டுப் போ என்று ரிம்மா தள்ளிவிட்டாள். உல்யானா நகரவில்லை.

"நாலாவது நாரைக்கு யாரு பூ குடுப்பாங்க?"

யாரும் கொடுக்கமாட்டார்கள் என்றாள் ரிம்மா. பின்வரிசைக்குப் பூ வராது, அது வழக்கம் இல்லை.

"உனக்கு யாராச்சும் குடுத்தாங்களா?"

"கெளம்புடி" என்றாள் ரிம்மா.

ஆனால் உல்யானா கிளம்புவதாக இல்லை. நாரையைப் பார்த்தே ஆகவேண்டுமாம். ரகசிய வாசல் இருக்கிறதே, அங்கே போவோம். வீட்டுக்குப் போகலாம் என்று ரிம்மா கெஞ்சினாள், அதட்டினாள், ஊக்குக் குத்தின கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு எரிச்சலில் இரண்டு தடவை பொத்தானை மாற்றிப் போட்டாள். கடைசியில் அதே சந்தில், அதே பனியில், அதே இரும்புக் கதவு. சவேலி, உனக்கு இன்றைக்கு வாசலே பிடிபடவில்லையா என்று கேட்டான். நடைவழியில் சுவரோரமாக நின்றார்கள். உல்யானா செய்தித்தாளைப் பிரித்துப் பூவைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

பத்து நிமிடத்தில் நாரைகள் வர ஆரம்பித்தன. கம்பளித் தொப்பி, முதுகுப் பை, கையில் சாப்பிடுகிற பொருள் என்று எல்லாம் சாதாரணப் பெண்கள். நீளக் கழுத்துக்காரி கடைசியில் வந்தாள், பத்தொன்பது வயதுகூட இருக்காது, வாய் நிறைய முட்டைக்கோஸ் ரொட்டி. உல்யானா குறுக்கே போய் நின்றாள்.

அந்தப் பெண் மென்றுகொண்டே குனிந்தாள். "ராணி இன்னும் வரல, கண்ணு. மேல இருக்காங்க."

"உங்களுக்குத்தான். நீங்கதானே நாலாவது நாரை?"

மென்ற வாய் நின்றது. அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரையாவது சொல்கிறார்களா என்று.

"உங்க இடது கை லேட்டு" என்றாள் உல்யானா. "அம்மாவும் சொன்னாங்க."

பூமி பிளந்து தன்னை விழுங்கக் கூடாதா என்று ரிம்மாவுக்கு இருந்தது. குழந்தை ஏதோ உளறுகிறது, மன்னித்துக்கொள், நான் இங்கே கொஞ்ச நாள் இருந்தவள் என்று அவசர அவசரமாகச் சொல்லித் தன் பெயரையும் சொன்னாள்.

"எந்த ரிம்மா? ரிம்மா ஒசிபோவ்னாவா?" அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. "நீங்க உயிரோட இருக்கீங்களா?"

சவேலி டம்ளரைக் கீழே வைத்தான்.

போலினா என்று பெயராம் அவளுக்கு. சேர்ந்து இரண்டு குளிர்காலம் ஆகிறதாம். வாய் ஓயாமல் கொட்டித் தீர்த்தாள். ஒத்திகையில் தினம் இதே பேச்சுதானாம். ரிம்மா இருந்தால் இப்படிப் பிந்துமா. ரிம்மா மூச்சு இழுப்பதை வைத்துத்தான் பின்வரிசை முழுக்கக் கிளம்பும். ரிம்மா இடத்தில் நின்றுகொண்டு இப்படிச் செய்கிறாயே. ராணியேகூட ஒரு நாள் சொன்னாளாம், பின்னால் ரிம்மா இல்லாமல் முதுகு குளிர்கிறது என்று.

"எல்லாரும் பெருமூச்சு விட்டுட்டுத்தான் உங்களப் பத்திப் பேசுவாங்க. நீங்க செத்துட்டீங்கன்னே நெனச்சுட்டேன்" என்றாள் போலினா. சொல்லிவிட்டு, என்ன சொன்னோம் என்று உறைத்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இருபது வருடம் ஒரு மனுஷி ஒரு வார்த்தை வாய் திறந்து சொல்லவில்லை. இருக்கிறபோது சொன்னால் என்ன, வாயில் இருக்கிற முத்து உதிர்ந்துவிடுமா? கோபம் கோபமாக வந்தது. கண் வேறு நிறைந்து தொலைத்தது. அதைத் துடைக்கத் தோன்றாமல், கையை முதுகெலும்பிலிருந்து இறக்க வேண்டும், தோளிலிருந்து இறக்கினால் பிந்தத்தான் செய்யும் என்று அந்தப் பெண்ணிடம் கறாராகச் சொன்னாள். போலினா கையில் ரொட்டியோடு அங்கேயே இறக்கிப் பார்த்தாள். இன்னொரு தடவை என்றாள் ரிம்மா. இரண்டாம் தடவை சரியாக வந்தது.

உல்யானா இது எதையும் கவனிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து நாலு சாமந்தியையும் பிரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றைத் தனியே எடுத்தாள். மூன்றைச் சேர்த்துப் போலினாவிடம் நீட்டினாள். அந்தப் பெண் ரொட்டியைச் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

மிஞ்சின ஒன்றை வைத்துக்கொண்டு உல்யானா அம்மாவிடம் வந்தாள்.

"ஒண்ணு குடுக்கலாமா? அது செத்தவங்களுக்கு இல்லையே?"

"இல்ல" என்றாள் ரிம்மா. "ஒண்ணு குடுக்கலாம்."

"அப்ப இந்தா. ஆனா நீ சொன்னது பொய்தான்."

ரிம்மா பூவை வாங்கினாள். வெளியே இருக்கிற குளிருக்கு அது இரண்டு நிமிடம் தாங்காது என்று கோட்டின் பொத்தானைக் கழற்றி, மார்புக்குள் பத்திரமாக வைத்து, மறுபடி போட்டாள். இந்தத் தடவை பொத்தான் சரியாக விழுந்தது.

"பொய்தான்டி, ஒத்துக்கறேன். நாளைக்கு உங்க டீச்சர்கிட்ட நானே வந்து சொல்றேன். தொப்பிய காதுக்கு மேல இழு."